பி.கு. போட்டு எழுதியதுதான் முக்கியம்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் வீடு, கன்டெய்னர் யார்டில் வேலை. தையில் கல்யாணம். ஒரு வருஷமாக ஒரு விஷயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு தவிக்கிறேன். என் இடது விதை வலதைவிடக் கீழே தொங்குகிறது. உறுப்பின் தலைப்பகுதியைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளைப் பொரிகள் இருக்கின்றன. நான் எந்தத் தப்பான இடத்துக்கும் போனதில்லை. விறைக்கும்போது கொஞ்சம் இடதுபக்கம் சாய்கிறது. அளவும் சின்னதோ என்று சந்தேகம். விளம்பரம் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து உட்காருகிற வைத்தியர் ஒருவரிடம் போனேன். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கைப்பழக்கத்தால் நரம்பு சுருங்கிவிட்டது, இப்படியே கல்யாணம் பண்ணினால் பெண் ஒரு மாசத்தில் தாய்வீட்டுக்குப் போய்விடும் என்றார். 18,000 ரூபாய்க்கு லேகியமும் எண்ணெயும் வாங்கினேன். பாதி தீர்ந்துவிட்டது, ஒன்றும் மாறவில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா?

பி.கு.: விறைத்திருக்கும்போது முன்தோல் பின்னால் போவதில்லை. போன மாதம் இரண்டு தடவை வெடித்து எரிந்தது. அது சூட்டினால் என்று நினைக்கிறேன்.

பதில்:

தம்பி, நாலு விஷயத்துக்குப் பயந்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலும் ஒன்றுமில்லை. பி.கு. போட்டு இரண்டு வரியில் ஓரமாகத் தள்ளிவிட்டீர்களே, டாக்டரைப் பார்க்க வேண்டியது அதற்குத்தான். அது சூடும் இல்லை.

ராயபுரத்தில் கிளினிக் போட்டு உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிக்கிற இளைஞர்களுக்குப் பெரும்பாலும் வியாதி எதுவும் இருப்பதில்லை. வியாதி இருக்கிறவர்தான் வரமாட்டார். வந்தாலும் முதுகு வலி என்பார், வயிற்று வலி என்பார், எழுந்து போகும்போது கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு "அப்புறம் சார், இன்னொண்ணு" என்பார். அந்த இன்னொண்ணுதான் விஷயமாக இருக்கும். உங்கள் பி.கு.வும் அப்படித்தான்.

சரி, முதலில் அந்த நாலையும் பார்த்துவிடுவோம்.

விதைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள்தான் குறைவு. பெரும்பாலான ஆண்களுக்கு ஒன்று தாழ்ந்துதான் இருக்கும், அதுவும் அதிகம் பேருக்கு இடதுதான். அளவிலும் சின்ன வித்தியாசம் இருக்கலாம். ஒரு விதை சராசரியாக 4 முதல் 5 செ.மீ. நீளம். விதை நன்றாக வேலை செய்ய, உடம்பின் உள்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும். அதனால்தான் அது வெளியே பையில் தொங்குகிறது. சித்திரை வெயிலில் பை தளர்ந்து கீழே இறங்கும், மார்கழி அதிகாலையில் குளித்தால் சுருங்கி மேலே ஏறும். காலையில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். பையில் இருக்கிற தசைக்கு வேலையே அதுதான்.

ஒரே ஒரு விஷயம் கவனியுங்கள். நின்றுகொண்டு தொட்டுப் பார்த்தால் இடது விதைக்கு மேலே மண்புழுக் கூட்டம் மாதிரி நெளிநெளியாகத் தட்டுப்படுகிறதா? அது வெரிகோசீல், அதாவது ரத்தக்குழாய் புடைப்பு. நூற்றில் சுமார் 15 ஆண்களுக்கு இருக்கிறது. இடதுபக்க ரத்தக்குழாய் நேராகப் பெரிய குழாயில் சேராமல் சிறுநீரக ரத்தக்குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்வதால் அந்தப் பக்கம்தான் அதிகம் வரும். யார்டில் நாள் பூரா நின்றால் மந்தமாக வலிக்கலாம். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. விதை சுருங்கிக்கொண்டே வந்தாலோ, வலி விடாமல் இருந்தாலோ, கல்யாணமாகிக் குழந்தை தள்ளிப்போனாலோ காட்டுங்கள். வலதுபக்கம் மட்டும் திடீரென்று புடைத்தாலும், படுத்த பிறகும் அடங்காமல் நின்றாலும் வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அந்த வெள்ளைப் பொரிகள். நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது, ஆனாலும் இது எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட கேள்வி. தலைப்பகுதியின் விளிம்பை ஒட்டி, ஒன்றிரண்டு வரிசையாக, எல்லாம் ஒரே அளவில், நூலில் முத்துக் கோத்த மாதிரி இருக்கிறதா? வருஷக்கணக்கில் அப்படியேதான் இருக்கிறதா? அப்படியென்றால் அது முத்துப் பருக்கள். தோலின் இயல்பான அமைப்பு. தொற்று இல்லை, பெண்ணுக்குப் பரவாது, மருந்தும் வேண்டாம். தண்டுப்பகுதியிலோ விதைப்பையிலோ மஞ்சளாக ரவை தூவின மாதிரிப் புள்ளிகள் இருந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள், அதுவும் இயல்புதான். விதைப்பையின் நடுவில் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு ஓடும். அதைக்கூட "சின்ன வயசுல ஏதோ ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, வீட்டுல மறைக்கிறாங்க" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். எனக்கும் அந்தக் கோடு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எழுந்து போனார்.

மரு வேறு மாதிரி இருக்கும். ஒன்று பெரிது ஒன்று சிறிது, மேல்பரப்பு காலிஃபிளவர் மாதிரி சொரசொரவென்று, இடம் ஒழுங்கில்லாமல், மாசத்துக்கு மாசம் கூடிக்கொண்டே போகும். அது பால்வினைத் தொற்று, காட்டியாக வேண்டும்.

சாய்வு. லேசாக இடமோ வலமோ, மேலோ கீழோ சாய்வது சாதாரணம். உள்ளே இருக்கிற இரண்டு ரத்தத் தண்டுகளும் ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி சமமாக வளர்வதில்லை. வலி இல்லை, வயசுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றால் விட்டுவிடுங்கள். சாய்வு 30 டிகிரியைத் தாண்டி, உறவுக்குத் தடையாக இருந்தால் காட்டலாம். நேராக இருந்தது புதிதாக வளைய ஆரம்பிப்பது வேறு கதை. தோலுக்கடியில் கட்டியாக ஒரு தழும்பு தட்டுப்படும், விறைத்தால் வலிக்கும். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வரும், சர்க்கரை உள்ளவர்களிடம் கூடுதலாகப் பார்க்கலாம். அதைச் சீக்கிரம் காட்டுவது நல்லது.

அளவு. இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, ஆனால் கேட்கிறவருக்கு அலுப்பதில்லை. 2015-ல் லண்டன் ஆய்வாளர்கள், டாக்டர்களே அளந்து பதிவுசெய்த பல ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 15,521 ஆண்கள். விறைக்காதபோது சராசரி 9.16 செ.மீ., விறைத்தபோது 13.12 செ.மீ. அதாவது ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மேல்பக்கத்திலிருந்து, ஸ்கேலை அடிவயிற்று எலும்பு வரை அழுத்தி வைத்து அளக்க வேண்டும். தொப்பை உள்ளவர் அழுத்தாமல் அளந்தால் ஓரிரு சென்டிமீட்டர் கொழுப்புக்குள் போய்விடும். அது பிரியாணியின் கணக்கு, உறுப்பின் கணக்கு இல்லை. மிகச் சிறியது என்று மருத்துவம் சொல்வது, இழுத்து அளந்தால் 7.5 செ.மீ.க்குக் கீழே இருப்பதைத்தான். அது அபூர்வம். தன்னுடையதை மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு எப்போதும் குட்டையாகத்தான் தெரியும். அடுத்தவருடையதைப் பக்கவாட்டில் பார்க்கிறார், அதுவும் செல்போனில் வருகிற, அதற்கென்றே பொறுக்கியெடுத்த ஆட்களை. எண்ணெய் தடவி நீளமாகும் உறுப்பு எதுவும் மனித உடம்பில் இல்லை.

கைப்பழக்கத்தால் நரம்பு சுருங்காது, சாய்வும் வராது. உங்களைப் பயமுறுத்தியவர் உங்கள் உறுப்பைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கையைப் பிடித்துப் பார்த்ததோடு சரி. ஆண்மையைப் பெருக்கும் என்று சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிற சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. ஆனாலும் விளம்பரம் நிற்கவில்லை. சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. அந்த வழியில்தான் பார்க்க வேண்டும் என்றால் அரும்பாக்கத்தில் அரசு ஆஸ்பத்திரியே இருக்கிறது, படித்துப் பதிவு செய்த டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் லேபிள் இல்லாத டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்த மாதிரி மருந்துகள் சிலவற்றில் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை இடித்துக் கலந்திருப்பது பரிசோதனைகளில் மாட்டியிருக்கிறது. நெஞ்சுவலிக்கு மாத்திரை போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்து. மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.

இப்போது பி.கு.

நீங்கள் எழுதியதிலிருந்து, சாதாரண நேரத்தில் தோல் பின்னால் போகிறது, விறைத்தால் இறுக்கிப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். இல்லாவிட்டால் அந்த முத்துப் பருக்களை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. தோலின் முனை வளையம் குறுகலாக இருப்பதால் இழுக்கும்போது வெடிக்கிறது. வெடித்த இடம் ஆறும்போது தழும்பாகி இன்னும் குறுகும், மறுபடி வெடிக்கும். சூடு தணிய இளநீர் குடித்தால் நல்லதுதான், ஆனால் தழும்பு இளகாது.

உங்களை நான் இரண்டு காரணத்துக்காகப் போகச் சொல்கிறேன். முதலாவது, இந்த இறுக்கத்தோடு முதலிரவுக்குப் போனால் வலிக்கும், ரத்தம் வரும். இரண்டு பேரும் பயந்துபோவீர்கள், அந்த லாட்ஜ்காரர் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதைவிட மோசம், தோல் பின்னால் போய் அங்கேயே மாட்டிக்கொண்டு முன்னால் வராமல் நிற்பது. கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்ட மாதிரி தலைப்பகுதி வீங்கிவிடும். அப்படி ஆனால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது காரணம் சர்க்கரை. இத்தனை நாள் நன்றாகப் போய்வந்த முன்தோல், பெரியவரான பிறகு புதிதாக இறுகி, வெடித்து, அரித்தால் நான் முதலில் எழுதிக் கொடுப்பது சுகர் டெஸ்ட். சிறுநீரில் இறங்கும் சர்க்கரையில் பூஞ்சை வளர்ந்து தோலைப் புண்ணாக்கும். சர்க்கரை இருப்பதே தெரியாமல் இந்த வெடிப்புக்காக வந்து, அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் உண்டு. வீட்டில் அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தழும்பு அதிகமில்லை என்றால் டாக்டர் ஒரு ஸ்டீராய்டு கிரீம் எழுதுவார். அந்த வளையத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, சில வாரம் மெதுவாகத் தோலைப் பழக்கினால் பலருக்கு இளகிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு நேரே மெடிக்கலுக்குப் போய் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்காதீர்கள். மூன்று நாலு மருந்து கலந்த டியூப் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை மாசக்கணக்கில் தடவித் தோல் காகிதமாக மெலிந்து வருகிறவர்களை நம் பகுதித் தோல் டாக்டர்கள் தினம் பார்க்கிறார்கள். கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், தண்ணீர் போதும்.

கிரீமுக்குக் கேட்கவில்லை என்றால் தோலை அகலப்படுத்தும் சின்ன ஆபரேஷன், அல்லது முன்தோலை நீக்குவது. நம் ஊரில் சுன்னத் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். மண்ணடியில் மதத்துக்காகச் செய்வதும், ஆஸ்பத்திரியில் இறுக்கத்துக்காகச் செய்வதும் ஒரே ஆபரேஷன்தான். இந்தக் காரணத்துக்காக எல்லா மதத்துக்காரர்களும் செய்துகொள்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம், உறவுக்கு நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். இது ஐப்பசி. தைக்குள் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, இன்னும் ஒரு மாசம் யோசித்துக்கொண்டிருந்தால் இருக்காது.

உங்களுக்கு இல்லாவிட்டாலும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சிலது சொல்ல வேண்டும். நான் யாரையும் கேட்கிற முதல் கேள்வி, "இது முதலிலிருந்தே இப்படியா, புதிதாக வந்ததா?" என்பதுதான். முதலிலிருந்தே அப்படி, வலியில்லை, மாறவில்லை என்றால் அநேகமாக அது உங்கள் அமைப்பு. விதிவிலக்கு, பிறந்ததிலிருந்தே ஒரு விதை பைக்குள் இறங்காமல் இருப்பது. அதற்கு எந்த வயதிலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

புதிதாக வந்தவற்றில் முதலாவது, திடீர் வலி. நான் படித்து முடித்த புதிதில், ஒரு ராத்திரி டியூட்டியில், பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு தடவை வாந்தி. கூட அம்மாவும் அக்காவும் நின்றார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், கல்லடைப்பாக இருக்கும் என்று ஊசி போட்டேன். லுங்கியை இறக்கச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை, அக்கா பக்கத்தில் இருக்கும்போது எப்படிச் சொல்வான்? காலையில் பெரிய டாக்டர் வந்து பெண்களை வெளியே அனுப்பிவிட்டு லுங்கியை விலக்கினார். இடது விதை மேலே ஏறி, பை செக்கச் செவேலென்று இருந்தது. விதை முறுக்கிக்கொண்டு ரத்தம் நின்றுபோயிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். அவன் வந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது, எடுக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து வாலிபப் பையன் யார் வயிற்று வலி என்று வந்தாலும் கூட வந்தவர்களை முதலில் வெளியே அனுப்புகிறேன். உங்களுக்கோ தம்பிக்கோ அப்படித் திடீரென்று விதை வலித்தால், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் 108-க்கு அடியுங்கள், இல்லை ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயிற்று வலி என்று சொல்லாதீர்கள், விதை வலி என்று சொல்லுங்கள். வியாசர்பாடியில் பந்து ஆடுகிற பையன்களுக்கும் இதுதான். அடிபட்ட வலி ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை, வீங்குகிறது என்றால் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

அப்புறம் வலியில்லாத வீக்கம். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெரியவர் ஒருவர் எட்டு வருஷம் தொளதொள கைலிக்குள் மறைத்து வைத்திருந்தார், தேங்காய் அளவுக்கு. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பின்னால் வைத்தேன். பை முழுக்க நாட்டுத் தக்காளி மாதிரிச் சிவப்பாக ஒளிர்ந்தது. உள்ளே தண்ணீர் என்று அர்த்தம். ஓதம், விரைவீக்கம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சாக்கடைக் கொசு பரப்பும் யானைக்கால் கிருமி ஒரு காரணம், காரணமே தெரியாமலும் வரும். அவருக்கு ஆபரேஷன் முடிந்து வந்ததும் முதல் வேலையாக எம்.சி. ரோட்டுக்குப் போய்ப் பேன்ட் எடுத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் குடலிறக்கம். இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அதே ராத்திரி ஆஸ்பத்திரி.

டார்ச் ஒளி ஊடுருவாத, விதையோடு ஒட்டிய கல் மாதிரிக் கட்டி, வலி இல்லை என்றால் உடனே ஸ்கேன் வேண்டும். விதைப் புற்றுநோய் நம் நாட்டில் குறைவுதான், ஆனால் வருவது உங்கள் வயசுக்காரர்களுக்குத்தான். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். மாதம் ஒரு தடவை வெந்நீரில் குளித்த பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். விதையின் பின்பக்கம் மெத்தென்று ஒரு கயிறு தட்டுப்படும், அது விந்தணு முதிர்கிற குழாய் (எபிடிடிமிஸ்), கட்டி என்று பயப்படாதீர்கள்.

புண் விஷயத்தில் வலிக்காத புண்ணுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சிஃபிலிஸ் புண் வலிக்காது, சில வாரத்தில் தானாகவே ஆறிவிடும், நோய் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அரசு ஆஸ்பத்திரிப் பால்வினை நோய்ப் பிரிவிலும், எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்திலும் பரிசோதனை இலவசம். முன்தோல் இறுகிய பெரியவர்களுக்கு அதன் அடியில் ஆறாத புண், நாற்றம், ரத்தம் என்றால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது.

எங்கே போவது? தண்டையார்பேட்டைக்காரருக்கு ஸ்டான்லி பக்கம்தான். காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். கவுன்டரில் என்ன பிரச்சினை என்று கேட்டால், பின்னால் வரிசையில் நிற்கிறவர் காதில் விழ எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "யூராலஜி பார்க்கணும்" என்றால் போதும், சிறுநீர், ஆணுறுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கிற பிரிவு அது. டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதலில் பி.கு.வைச் சொல்லுங்கள், மற்ற நாலையும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பெண் டாக்டர் இருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள், அவர் உங்களைவிட இதை அதிகம் பார்த்திருப்பார்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். சுகர் ரிசல்ட் வந்ததும் எத்தனை என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இந்தத் தடவை பி.கு. இல்லாமல், முதல் வரியிலேயே.